பதினொரு விநாடி தெரியாது

அந்த மருத்துவமனையில் அவளுக்குத் தெரியாதக்கா என்று பெயர். பெயரைக் கேட்டு, ஒன்றும் தெரியாதவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் வேலையில் அவளுக்குத் தெரியாதது என்று எதுவும் கிடையாது. பெயர் வந்த கதை வேறு.

நோயாளியின் நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒட்டுகளை ஒட்டி, அவற்றின் வயர்களைச் சோப்பு டப்பா அளவிலான ஒரு பெட்டியில் செருகி, பெட்டியை இடுப்பில் மாட்டி அனுப்பிவிடுவாள். ஆள் வழக்கம்போல வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், தூங்கலாம், பெண்டாட்டியோடு சண்டைகூடப் போடலாம். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து கழற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முழுக்க அவருடைய இதயம் போட்ட கோடு பெட்டிக்குள் இருக்கும். எட்டுப் பத்துப் பேரில் ஒருவருக்காவது அந்தக் கோடு எங்காவது விட்டுப்போயிருக்கும். பாட்டரி ஆடியிருக்கும், வயர் கழன்றிருக்கும், குளிக்கிறேன் என்று கழற்றிவைத்திருப்பார்கள். மற்ற இடங்களில் இதையெல்லாம் யாரும் கண்டுகொள்வதில்லை. மீதி இருபத்துமூன்று மணி நேரம் இருக்கிறதே, அது போதும் என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

அவள் தாண்ட மாட்டாள். நீள நோட்டு ஒன்றில் ஐந்து கட்டம் போட்டிருந்தாள். எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு விட்டது, எத்தனை மணிக்கு மறுபடி வந்தது, என்ன காரணமாக இருக்கலாம். ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு, ‘இந்த நேரத்தில் இதயம்’. அதன் கீழே பதினான்கு வருடமாக, ஐந்து நோட்டு நெடுக, ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. தெரியாது.

“எல்லாத்துலயும் ஒண்ணேதானே எழுதப்போறீங்க, அதுக்கு எதுக்குக்கா தனியா ஒரு கட்டம்?” என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

“நான் எழுதலன்னா அந்த எடத்துல வேற எவனாவது வந்து எதையாவது எழுதிடுவான்.”

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். கேலிக்கு வைத்தது என்று அவளுக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஓர் இடைவெளியோடுதான். படிப்பை முடித்து ஐந்து வருடம் வேறொரு மருத்துவமனை. பிறகு ஆறு வருடம் எங்கும் இல்லை. பிறகு இங்கே நேர்முகத் தேர்வு. விண்ணப்பத்தில் அந்த ஆறு வருடத்தை எப்படியாவது நிரப்பிவிடச் சொல்லி வீட்டில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நாத்தனார் ஒரு படி மேலே போய், தனக்குத் தெரிந்த பயிற்சி நிலையத்தில் பழைய தேதி போட்டுச் சான்றிதழே வாங்கித் தருவதாகச் சொன்னாள். இவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கட்டத்தை வெள்ளையாகவே விட்டு அனுப்பினாள்.

தேர்வில் உட்கார்ந்திருந்தவர் சும்மா விடுவாரா? “ஆறு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்றார்.

“அதை எழுதல சார்.”

“எழுதலன்னுதான் கேக்கறேன்.”

“மறந்து விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. வேணும்னுதான் விட்டேன். வேலை சம்பந்தமா என்ன வேணும்னாலும் கேளுங்க.”

கேட்டார்கள். சொன்னாள். வேலை கிடைத்தது. அந்த ஆறு வருடத்தில் நடந்தது அவளுக்கும் அவள் கணவருக்கும் மட்டும் தெரியும். கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாயாடி, ஆனால் அதைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. எனவே இங்கேயும் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கட்டும். இட்டுக்கட்டி நிரப்பினால் அவள் நம்மைச் சும்மா விடமாட்டாள்.

அவளுடைய அமைதிக்கு உலை வைக்க வந்தவர் கணினிப் பிரிவின் மேலாளர். கெடு சார் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கெடு என்ற சொல் இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்ததில்லை. கெடு நெருங்குகிறது, கெடுவைத் தள்ள முடியாது, கெடுவுக்குள் முடித்தாக வேண்டும். கெடு வைத்தே காரியத்தைக் கெடுக்கிறவர் என்று பின்னால் ஒரு விளக்கமும் சேர்ந்துகொண்டது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குக் கை பரபரக்கும்.

மருத்துவமனை முழுவதற்கும் புதிய திரைகள் வந்தன. எந்த டாக்டரும் தன் மேசையில் உட்கார்ந்தபடி எந்த நோயாளியின் பழைய பதிவையும் திறந்து பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். சிக்கல் எங்கே என்றால், பழைய பெட்டிகளின் கோப்பு துண்டு துண்டாக இருக்கும். கோடு எங்கே விட்டதோ அங்கே ஒரு துண்டு முடியும். அடுத்த துண்டு தான் தொடங்கிய நேரத்தைத் தன் தலையில் எழுதிக்கொண்டு தொடங்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. புதிய திரைக்கு இது புரியாது. தொடக்க நேரத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு, அங்கிருந்து விநாடிக்கு விநாடி விடாமல் வருகிற ஒரே கோப்புதான் அதற்கு வேண்டும்.

அப்படியானால் விட்டுப்போன இடத்தை என்ன செய்வது? துண்டுகளை இழுத்து ஒட்டவைத்துவிடலாம். அப்போது நேரம் நழுவிவிடும். மூன்று மணிக்குத் தலை சுற்றியது என்று நோயாளி பெட்டியின் பொத்தானை அழுத்தியிருந்தால், அந்தக் குறி சம்பந்தமில்லாத வேறொரு இடத்தில் போய் உட்காரும். இல்லாவிட்டால் விட்டுப்போன இடத்தில் பூஜ்யங்களைக் கொட்டி நிரப்பலாம். நேரம் நழுவாது. ஆனால் திரையில் அந்த இடத்தில் கோடு படுத்துவிடும். இதயம் நின்றுபோனால் எப்படிப் படுக்குமோ, பார்ப்பதற்கு அப்படியே இருக்கும்.

“ரெண்டும் வேணாம் சார்,” என்றாள் அவள். “விட்ட எடத்துல வெட்டி ரெண்டு கோப்பா, மூணு கோப்பா குடுத்துடலாம். ஒவ்வொண்ணுக்கும் அததோட நேரம் தலையில இருக்கும். நடுவுல இல்லாதது இல்லாததாவே இருக்கட்டும்.”

“ஒரு நோயாளிக்கு ஒரு கோப்பு. அதான் விதி.”

“அப்ப விதியை மாத்துங்க.”

“கெடு பதினஞ்சாம் தேதிம்மா. பூஜ்யம் போட்டா வேலை முடிஞ்சிடும். பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?”

“எம்பொண்ணு காய்ச்சல்னு பரீட்சைக்குப் போகல. அவளோட டீச்சர் மார்க் லிஸ்ட்ல பூஜ்யம் போட்டு அனுப்பிட்டாங்க. ஊரே அவளை மக்குன்னு நினைச்சுது. பரீட்சை எழுதாததும் பூஜ்யம் வாங்கறதும் ஒண்ணா சார்?”

கெடு சார் சிரித்தார். அவள் அவருடைய பிரிவுக்கு மூன்று கடிதம் எழுதினாள். முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது, பரிசீலிக்கிறோம் என்று. மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. ஒரு சனி, ஒரு ஞாயிறு, இரண்டே நாளில் மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகள் மாறிவிட்டன. அதில் முந்நூற்று எண்பத்தாறில் இடைவெளி இருந்தது. முந்நூற்று எண்பத்தாறையும் பூசி மெழுகிவிட்டார்கள்.

தோற்றுத்தான் போனாள். அதை அவள் மறைத்ததில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் பிடியை விடவில்லை. பழைய கோப்புகள் இருந்த கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்றார்கள். அதற்கு அந்த அறையின் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். பொறுப்பாளர் அவள். திங்கள்கிழமைதோறும் ஒரு படிவம் வரும். திங்கள்கிழமைதோறும் அதை வாங்கி டீ ஃபிளாஸ்க்குக்கு அடியில் வைத்துவிடுவாள். இரண்டு வருடத்தில் ஃபிளாஸ்க் ஒரு விரற்கடை உயரம் ஏறியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் அவளுடைய அறைக்கு வந்தார்கள். டிரைவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். கையில் ஒரு தாளைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“இங்கதான் மூணு வருஷம் முன்னாடி எனக்குப் பெட்டி மாட்டினாங்க. நீங்கதான் மாட்டினீங்கன்னு நினைக்கிறேன்.”

“நான்தான். என்ன ஆச்சு அண்ணே?”

அப்போது வெயிலில் நின்று ஒரு தடவை தலை சுற்றியது என்று பதிவு எடுத்திருந்தார்கள். அன்றிருந்த டாக்டர் பழைய திரையில் பார்த்து, ஒன்றுமில்லை, போய் ஓட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். இந்த வருடம் டிரைவர்களுக்கான மருத்துவப் பரிசோதனையின்போது, புதிதாக வந்திருக்கும் இதய டாக்டர் அந்தப் பழைய பதிவைப் புதிய திரையில் திறந்திருக்கிறார். தாளில் அவர் எழுதியிருந்தது இரண்டு வரி. பிற்பகல் பதினொரு விநாடி இதயம் நின்றுள்ளது. பேருந்து ஓட்டத் தகுதியில்லை. வெள்ளிக்கிழமை மருத்துவக் குழு கூடும். குழு அதை உறுதிசெய்துவிட்டால் ஸ்டியரிங் அவர் கைக்குத் திரும்பி வராது.

“பதினோரு விநாடி நெஞ்சு நின்னா நான் செத்திருக்க மாட்டேனா மேடம்? செத்தவன் எப்படி அடுத்த ஸ்டாப்புல பிரேக் போட்டேன்?”

“பதினோரு விநாடி நின்னா சாக மாட்டாங்க அண்ணே. மயக்கம் போட்டு விழலாம்.”

டிரைவர் முகம் விழுந்தது. ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதற்குப் பதில் எழுந்து பழைய கம்ப்யூட்டரைப் போட்டாள். அது இருமி, செருமி, எழுந்துகொள்ளக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் நான்காவது நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டிவிட்டாள். இருந்தது. அவள் கையெழுத்திலேயே இருந்தது. நான்காம் பெட்டி. விட்டது இரண்டு மணி பதினேழு நிமிடம் நாற்பது விநாடி. வந்தது இரண்டு பதினேழு ஐம்பத்தொன்று. காரணம், பாட்டரி ஆடியிருக்கலாம். இந்த நேரத்தில் இதயம், தெரியாது.

நான்காம் பெட்டியை அவள் நன்றாக அறிவாள். அதன் பாட்டரிக் கதவு கொஞ்சம் தொளதொள. குலுங்கினால் அணைந்து, தானே மறுபடி எழுந்துகொள்ளும். எழுந்துகொள்ள அதற்குப் பதினொரு விநாடி வேண்டும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பழைய திரையில் முதல் துண்டு நாற்பதில் முடிந்தது. அடுத்த துண்டு ஐம்பத்தொன்றில் தொடங்கியது. நடுவில் திரை வெறுமையாக இருந்தது.

“இங்க பாருங்க. உங்க நெஞ்சு நிக்கல. பெட்டி நின்னுருக்கு.”

டிரைவர் மனைவி எழுந்து வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்படியே எழுதிக் குடுத்துடுங்கம்மா. அந்த நேரத்துல இவரு நெஞ்சு நல்லா ஓடுச்சுன்னு ஒரு வரி. போதும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அது எனக்குத் தெரியாதே.”

“இப்பதானே சொன்னீங்க, நிக்கலன்னு!”

வாய் தவறிவிட்டது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. “தப்பா சொல்லிட்டேன். பெட்டி நின்னுதுன்னுதான் தெரியும். நெஞ்சு ஓடுச்சா நின்னுதான்னு தெரியாது.”

அந்த அம்மாள் கையை உதறினாள். “அவங்க நின்னுதுன்னு பொய் எழுதலாம், நீங்க ஓடுச்சுன்னு எழுதக் கூடாதா? எங்களுக்குன்னு வரும்போது மட்டும் எல்லாருக்கும் நியாயம் வந்துடும்!”

“அவங்க ஒரு பொய் எழுதிட்டாங்க. பக்கத்துல நான் ஒரு பொய் எழுதினா, ரெண்டுல எது ஜெயிக்கும்? பெரிய டாக்டரோடதுதான் ஜெயிக்கும். என் பொய்யை ஊதித் தள்ளிடுவாங்க. தெரியாதுங்கறதை அவங்களால தள்ள முடியாது. அது நெஜம்.”

அம்மாளுக்கு இது சமாதானமாகவில்லை. புருஷனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த அம்மாள் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. வேலை போகப்போகிறவருக்குத் தெரியாது என்ற சொல்லை வைத்து என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அன்று மாலை வீட்டில் தெரியாதக்காவுக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே நின்றிருந்தால்? பெட்டி அணைந்த அதே நேரத்தில் இதயமும் நின்றிருக்க முடியாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? பஸ்ஸில் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். துணி மடித்துக்கொண்டே கணவரிடம் முழுவதையும் கொட்டினாள்.

கணவர் யோசித்தார். “லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சுன்னு வை. சில நேரம் பலகையில விளக்கு எரியாது. மூணுலயும் எரியாது, நாலுலயும் எரியாது. கீழ நிக்கறவன், லிஃப்ட் கீழ விழுந்துடுச்சும்பான். இன்னொருத்தன், அதெல்லாம் மேல பத்திரமா இருக்கும்பான்.”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ரெண்டு பேர் வாயையும் மூடச் சொல்லிட்டு, படியேறிப் போய்ப் பாப்பேன்.”

பல நாள் அவர் பேசியதெல்லாம் வீண் பேச்சு என்று அவள் சொல்வதுண்டு. அன்று சொல்லவில்லை. மறுபடி ஒரு பெட்டியை மாட்டிப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் பழைய கோட்டில் அந்தப் பதினொரு விநாடி நின்றதாகவே இருக்கும்வரை, புதுப் பதிவு எவ்வளவு சுத்தமாக வந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை நின்ற இதயம் நின்றதுதான் என்பார்கள். முதலில் அந்தப் பூஜ்யத்தைத் தூக்க வேண்டும்.

புதன்கிழமை காலை இதய டாக்டரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். டாக்டர் வேலையில் கெட்டிக்காரர். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

“என்னம்மா, வெளிய இருபது பேர் உக்காந்திருக்காங்க.”

“இந்தக் கோட்டைப் பெரிசாக்குங்க சார். அஞ்சு நிமிஷம்.”

பதிவு எண்ணைச் சொன்னாள். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். பதினொரு விநாடி, கோடு படுத்திருந்தது. “நின்னிருக்கு. சந்தேகமே இல்ல.”

“இன்னும் பெரிசாக்குங்க.”

பெரிதாக்கினார். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோலவே இருந்தது. இன்னும் பெரிதாக்கினார். அப்போதும் அப்படியே. அவள் தான் கொண்டுவந்திருந்த ஒரு தாளைப் பக்கத்தில் வைத்தாள். வேறொரு நோயாளியின் பதிவு அது. அவருடைய இதயம் உண்மையாகவே ஐந்து விநாடி நின்றிருந்தது. துடிப்பு இல்லை. ஆனால் கோடு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“நின்ன நெஞ்சுலயும் கோடு நடுங்கும் சார். சதை இழுக்கும், மூச்சு ஏறி இறங்கும், பக்கத்துல ஃபேன் ஓடினா அதுகூட விழும். உங்களுக்கு நான் சொல்லணுமா? இவ்வளவு நேரா ஒரு கோட்டை மனுஷ உடம்பால போட முடியாது. கம்ப்யூட்டர்தான் போடும்.”

டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கெட்டிக்காரருக்குத் தான் எங்கே சறுக்கினோம் என்று புரிய அரை நிமிடம்கூட ஆகாது. பார்த்த மாத்திரத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார், பெரிதாக்கிப் பார்க்காமல். உடனே கெடு சாரை வரச்சொல்லிப் போன் போட்டார்.

கெடு சார் வந்து திரையைப் பார்த்தார். “இது நிரப்பினது சார். எல்லாத்துலயும் இப்படித்தான் போட்டோம். பூஜ்யம்னா அங்க ஒண்ணுமில்லன்னு டாக்டருங்களுக்குத் தெரியும்னு நினைச்சோம்.”

“எனக்கு யாரு சொன்னா?” என்று டாக்டர் குரலை உயர்த்தினார்.

“மூணு கடிதம் எழுதினேன்,” என்றாள் அவள்.

கெடு சார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “இப்ப என்ன பண்ண முடியும்? பழைய கோப்பு எதுவும் இல்லையே. அந்த மெஷினைத்தான் தூக்கிப் போட்டாச்சே.”

“எப்ப போட்டாங்க?” என்றாள் அவள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி. வருஷாந்தர ரிப்போர்ட்லயே போட்டேனே, அப்புறப்படுத்தியாச்சுன்னு.”

“நான் கையெழுத்தே போடலயே சார்.”

“போட்டிருப்பீங்கன்னு நினைச்சு...” என்று இழுத்தார் கெடு சார். அவருடைய அலுவலகத்திலிருந்து திங்கள்கிழமைதோறும் படிவம் வந்துகொண்டிருந்ததும் அவருக்குத் தெரியாது. யாரோ அனுப்பினார்கள், இவர் ரிப்போர்ட்டை நிரப்பினார். அவள் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

“இருக்கு சார்,” என்றாள். “என் மேசைக்குப் பக்கத்துல ஓடிட்டிருக்கு. மூவாயிரத்துச் சொச்சமும் பத்திரமா இருக்கு.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “சரிம்மா. அப்ப இவருக்கு ஒண்ணுமில்ல. நார்மல்னு எழுதிடறேன்.”

“அதுவும் வேணாம் சார்.”

“என்னம்மா விளையாடறீங்களா? நீங்கதானே இவ்வளவு நேரம் அவருக்காக வாதாடினீங்க?”

“நான் அவருக்காக வாதாடல. அந்தப் பதினோரு விநாடிக்காக. அதுல என்ன நடந்துதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பஸ்ல அம்பது பேர் போறாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுங்க. பழசைத் தள்ளி வெச்சுட்டு மூணு நாளைக்குப் புதுப் பெட்டி மாட்டிப் பாப்போம். அதுக்கப்புறம் எழுதுங்க.”

“டாக்டர் தெரியாதுன்னு எழுதினா எவன் மதிப்பான்?”

“பெரிசாக்கிப் பாத்தவன் மதிப்பான்.”

வெளியே காத்திருந்த இருபது பேரில் ஒருவர் கதவைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. அவளை யாரும் அழைக்கவில்லை. போனாள். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் வயதான தலைவர், அவருக்கு இடப்பக்கம் இதய டாக்டர். சுவரோரம் டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நீங்க யாரு?” என்றார் தலைவர்.

“இந்தக் கோட்டை எடுத்தவ.”

பழைய திரையின் படத்தையும், நோட்டின் அந்தப் பக்கத்தையும், பெரிதாக்கிய நேர்கோட்டையும் மேசையில் பரப்பினாள். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவர் அவசரப்படவில்லை. கடைசியில் படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“நீங்க சொல்றது புரியுது. ஆனா இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு. தகுதி, தகுதியில்ல. எதையாவது ஒண்ணை டிக் பண்ணணும். காலியா விட்டா ஆபீஸ்ல தகுதியில்லன்னு எடுத்துக்குவாங்க.”

இதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இங்கேயும் காலி இடத்தைக் கண்டால் பூஜ்யம் போடுகிற கூட்டம்! மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு கட்டத்துக்கும் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். பக்கத்தில் எழுதினாள்: தெரியாது. மறுபதிவு தேவை.

“என்னம்மா இது! படிவத்துல கிறுக்கறீங்க?”

“கிறுக்கல சார். விட்டுப்போனதைப் போட்டேன்.”

தலைவர் அவளை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இதய டாக்டர் கையை நீட்டிப் படிவத்தை வாங்கினார். அவள் வரைந்த கட்டத்துக்குள் ஒரு டிக் போட்டார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். “முன்னாடி எழுதினது என் தப்பு,” என்றார், யாரையும் பார்க்காமல். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தானும் கையெழுத்திட்டார்.

திங்கள்கிழமை டிரைவருக்குப் புதுப் பெட்டி மாட்டினாள். பாட்டரிக் கதவை மூன்று தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். மூன்று நாளும் அவரை டெப்போவில் உட்காரவைத்தார்கள். வியாழக்கிழமை அவரும் மனைவியும் வந்தார்கள். இருவரும் எதிரே உட்கார்ந்திருக்க, அவள் எழுபத்திரண்டு மணி நேரக் கோட்டையும் முதலிலிருந்து பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. இதயம் ஓடியிருந்தது. படியேறியபோது வேகமாக, தூங்கியபோது மெதுவாக, ஒரு தடவைகூட நிற்காமல். புதன்கிழமை காலையில் மட்டும் நாலு நிமிடம் கோடு இல்லை.

“இங்க என்ன ஆச்சு?”

“குளிச்சேன் மேடம்! மூணு நாளா குளிக்காம இருந்தா எவ பக்கத்துல வருவா?”

மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். தெரியாதக்கா நோட்டை எடுத்தாள். பெட்டி எண், நேரம், காரணம். ‘குளித்ததாக நோயாளி சொல்கிறார்.’ ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் டிரைவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“மேடம், வேணாம் மேடம். மறுபடியும் அந்த வார்த்தையா?”

“நீங்க குளிச்சீங்கன்னு நீங்க சொல்றீங்க. பெட்டி சொல்லலயே.”

எழுதினாள். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் மனைவி இந்தத் தடவை கையை உதறவில்லை. நோட்டை எட்டிப் பார்த்து, மேலே நெடுக இருந்த அதே வார்த்தைகளைப் படித்தாள். “எழுதட்டும் விடுங்க,” என்றாள் புருஷனிடம். “இவங்க தெரியும்னு எழுதினாத்தான் நம்பலாம்.” டாக்டர் அந்த நாலு நிமிடத்தோடு சேர்த்தே பதிவைப் படித்தார், நாலு நிமிடத்தை அப்படியே விட்டார், ‘தகுதி’ என்ற முதல் கட்டத்தில் டிக் போட்டார். மறுநாள் காலை ஐந்தரை மணி வண்டியை டிரைவர்தான் எடுத்தார்.

அடுத்த திங்கள்கிழமை படிவத்தோடு இன்னொரு தாளும் வந்தது. விளக்கம் கேட்டு. அனுமதியின்றிக் கூட்டத்தில் நுழைந்தது ஏன், அலுவலகப் படிவத்தில் கட்டம் வரைந்தது ஏன், இரண்டு வருடமாகக் கையெழுத்திட மறுத்து இயந்திரத்தை வைத்திருப்பது ஏன் என்று மூன்று கேள்வி. ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுத நாலு நாலு கோடு. மூன்று நாள் கெடு.

முதல் இரண்டு கேள்வியையும் வெள்ளையாக விட்டாள். மூன்றாவதன் கீழே ஒரே வரி எழுதினாள். ‘இன்னும் முந்நூற்று எண்பத்தைந்து பேர் இருக்கிறார்கள்.’ அதை அனுப்பிவிட்டு, இரும்புக்குப் போடச் சொன்ன படிவத்தை ஃபிளாஸ்க்குக்கு அடியில் வைத்தாள். பிறகு பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, முதல் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.